எல்லா ஊரிலும் ஒரு கிளை

இணையதளத்தைத் தேடலில் மேலே கொண்டுவருவது எப்படி என்று யாராவது கேட்டால் இப்போது எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு. அந்த வேலையை நான் ஒரு காலத்தில் ஆசையாகச் செய்தவன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்தேன். கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்து, ஃப்ளெக்ஸ் பேனருக்கு வந்து, கடைசியில் கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறவனாக ஆனேன். விதை வெங்காயம் விற்கிறவர், போர்வெல் வண்டிக்காரர், பல் டாக்டர் என்று பலருக்கும் செய்திருக்கிறேன். அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறார். சாவு வீட்டில் உடல் கெடாமல் இருக்க வைக்கிறார்களே, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி, அது. பெட்டி இரண்டு, அதை ஏற்றிப்போக ஒரு குட்டி வண்டி, அதற்கு ஒரு டிரைவர். இவ்வளவுதான் கம்பெனி.

ஒருநாள் மச்சான் கடைக்கு வந்து, “மாப்ள, எல்லாரும் இப்ப போனுலதான் தேடுறாங்களாம். நம்மளும் ஒண்ணு போட்டுருவோம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சாவு விழுந்த வீட்டில் எவன் போனை எடுத்துத் தேடிக்கொண்டிருப்பான்? எந்த ஊரில் யாரிடம் பெட்டி இருக்கிறது என்பது டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். ஆனாலும் அவரை உட்காரவைத்து, கூப்பிடுகிறவர்கள் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். பாதிக்கு மேல் வெளிநாட்டு நம்பர் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ குவைத்திலோ இருக்கிறார்கள். சாவுச் செய்தி போனதும் அவர்களால் உடனே வர முடியாது. ஊரில் இருக்கிறவன் ஓடியாடி எல்லாம் செய்வான்; வெளியே இருக்கிற பிள்ளை ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்யும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, பழக்கமாகிவிட்டது. கோடித்துணி எடுக்கும் உரிமை மாதிரி இது ஒரு உரிமை. அந்தப் பிள்ளையைக் கேட்காமல் வேறு யாராவது பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால், “இதக்கூட என்னைச் செய்ய விடலல்ல” என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும். ஆகவே பெட்டியைத் தேடுகிறவர் உடலுக்குப் பக்கத்தில் இருப்பவர் இல்லை. கடல் தாண்டி ஒரு கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டே போனைத் தடவுகிறவர்.

இது தெரிந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. ‘என் அருகில்’ என்று அவர்கள் தேடினால் போன் சிங்கப்பூரில் இருக்கும் பெட்டியைக் காட்டும்; அதனால் ஊர்ப் பெயரைப் போட்டுத்தான் தேடுவார்கள். எந்த வார்த்தையில் தேடுவார்கள் என்று நாலு பேரைக் கேட்டேன். ஐஸ் பெட்டி என்றார்கள், ஃப்ரீசர் பாக்ஸ் என்றார்கள். உறைவிப்பான் என்று ஒரு ஜீவனும் சொல்லவில்லை. பக்கத்தின் தலைப்பில் ‘ஐஸ் பெட்டி வாடகைக்கு, பெரம்பலூர்’ என்று போட்டேன். போன் நம்பரை உச்சியிலேயே பெரிதாக, தொட்டால் அடிக்கிற மாதிரி வைத்தேன், விரல் நடுங்குகிறவர்கள் தொடப்போவது என்பதால். படங்களைச் சிறிதாக்கி, மட்டமான சிக்னலிலும் பக்கம் உடனே திறக்கும்படி செய்தேன். பெட்டியின் படம் மச்சானின் சொந்தப் பெட்டியை நானே எடுத்த படம். மேப்பில் கடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பின் குத்தினேன். கடைசியில் ஒரு வரி: ‘ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊர் என்றால் கூப்பிடுங்கள், உங்களுக்குப் பக்கத்தில் யாரிடம் பெட்டி இருக்கிறது என்று சொல்கிறோம்.’

அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. மச்சானுக்குப் பிடிக்கவில்லை. “நம்ம கடை வாசல்ல நின்னுக்கிட்டு அடுத்த கடைக்கு வழி சொல்ற மாதிரி இருக்கு மாப்ள” என்றார். இருந்தாலும் விட்டுவிட்டார். சில மாதங்களில் பெரம்பலூர் என்று போட்டுத் தேடினால் அவர் பக்கம்தான் முதலில் வந்தது. இந்த வித்தையில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தேடுகிறவன் எந்த வார்த்தையில் கேட்கிறானோ அந்த வார்த்தையில், இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொன்னால் போதும். மெதுவாகத்தான் ஏறும், ஏறியது இறங்காது.

மெதுவாக என்ற சொல்தான் மச்சானுக்கு ஆகாது. ஏதோ கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். திருச்சிக்காரர், முப்பது வயதிருக்கும், இதே தேடல் வேலைதான் அவருக்கும். சென்ட் வாசனை மாடிப்படி ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டது. என் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “சைட் நீட்டா இருக்கு சார். ஆனா இதவெச்சு வளர முடியாது” என்றார். நான் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, “இது சீசனே இல்லாத பிசினஸ் சார். வருஷம் பூரா டிமாண்டு. வெயில் ஏறினா இன்னும் டிமாண்டு. நீங்க ஒரே ஊருல உக்காந்திருக்கீங்க” என்றார். மனிதர்கள் சாவதைத்தான் அப்படிச் சொன்னார். மச்சான் பல் தெரியச் சிரித்தார்.

மச்சான் தளத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் பார்த்தால் அதில் வேப்பந்தட்டைக்கு ஒரு பக்கம், உடையார்பாளையத்துக்கு ஒரு பக்கம், ஆண்டிமடத்துக்கு ஒரு பக்கம், நடுவில் இருக்கிற சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் ஒவ்வொரு பக்கம். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஊர்ப் பெயர் மட்டும் வேறு. ‘ஆண்டிமடம் மக்களின் மனம் கவர்ந்த ஐஸ் பெட்டி.’ ‘உடையார்பாளையத்தின் நம்பர் ஒன் ஐஸ் பெட்டி அனுபவம்.’ யாருடைய அனுபவம்? உள்ளே படுத்திருக்கிறவரா எழுந்து வந்து சொல்லப்போகிறார்? ‘கோடைக்காலச் சிறப்புச் சலுகை’ என்று ஒரு மஞ்சள் பட்டை வேறு மினுக் மினுக்கென்று எரிந்தது. ‘எங்கள் கிளையிலிருந்து பதினைந்தே நிமிடத்தில் உங்கள் வாசலில்’ என்று எல்லாப் பக்கத்திலும் இருந்தது. நான் எழுதியிருந்த அந்தக் கடைசி வரியைத் திருச்சிக்காரர் எடுத்துவிட்டிருந்தார்.

மேப்பிலும் தாலுகாவுக்கு ஒரு கிளை முளைத்திருந்தது. அந்தக் கிளைகளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு விமரிசனங்கள். திருச்சியில் ஏதோ ஹாஸ்டலில் இருக்கிற பையன்களின் கணக்கிலிருந்து எழுதவைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஒருவன் ‘சூப்பர் கூலிங்’ என்று எழுதி நெருப்புப் படம் ஒன்று போட்டிருந்தான். அதைப் படித்துவிட்டுக் கையைப் போய்க் கழுவினேன். கம்ப்யூட்டரைத் தொட்ட கையைக் கழுவியது அன்றுதான் முதல் தடவை.

நேராக மச்சானிடம் போய்ச் சண்டை போட்டேன். “ஆண்டிமடத்துல நமக்கு என்ன மச்சான் இருக்கு?”

“போன் இருக்குல்ல மாப்ள. அவங்க அடிச்சா நம்ம எடுக்கப்போறோம். வண்டி போயிரும்.”

“பதினஞ்சு நிமிசத்துலயா? ஜெயங்கொண்டம் தாண்டிப் போகணும்.”

“பதட்டத்துல இருக்கிறவங்க அதையெல்லாம் பாக்கமாட்டாங்க மாப்ள.”

தெரியாமல் செய்கிறார் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதட்டத்தைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். வீட்டில் சொன்னால் என் மனைவி, “அண்ணன் தொழிலு, அண்ணன் பாத்துக்கும். நீங்க ஏன் வம்பை வெலைக்கு வாங்குறீங்க” என்றாள்.

சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. மச்சானின் பில் புத்தகம் அச்சாகி வந்திருந்தது, கொடுக்கப் போயிருந்தேன். காலை டிபன் நேரம் தாண்டியிருக்கும். அவர் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், சிங்கப்பூரிலிருந்து. ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு ஊரைச் சொன்னார். அழுகையை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு விஷயமாகத் தெளிவாகச் சொன்னார். விடிகாலையில் அம்மா இறந்துவிட்டார். இவர் ராத்திரி விமானம் ஏறி மறுநாள் காலையில்தான் திருச்சி வந்து இறங்குவார்.

“பெட்டி வந்துட்டா நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கலாம்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. இல்லன்னா பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவாங்க. தம்பி அங்க இருக்கான், கொள்ளி வெக்க ஆளு இருக்குல்ல, பொண்ணுக்காக எதுக்குக் காத்துக்கிட்டுன்னு சொல்லுவாங்க. எனக்கு அம்மா மொகத்தப் பாத்தாப் போதும். உங்க கிளை ஆண்டிமடத்துலதானங்க இருக்கு?”

“ஆமாங்கம்மா” என்றார் மச்சான். “கவலையே படாதீங்க. வண்டி இப்பவே கிளம்புது.”

போனை வைத்தார். ஒரு பெட்டி கம்ப்ரசர் போய் ரிப்பேரில் கிடந்தது. இன்னொன்று வேப்பந்தட்டைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சாவு வீட்டில் இருந்தது. அங்கே உடலை எடுத்த பிறகுதான் பெட்டி வரும். அதற்கு மத்தியானம் ஆகிவிடும். ஆண்டிமடம் அதற்கு நேர் எதிர்த் திசையில், இரண்டு மாவட்டத்தின் அந்தக் கோடியில்.

“மச்சான், ஜெயங்கொண்டத்துல பெட்டி வெச்சிருக்காரே, அவரு நம்பர அந்த அம்மாவுக்குக் குடுங்க. அரை மணி நேரத்துல போயிருவாரு.”

“வந்த கிராக்கிய எவனாச்சும் தூக்கி அடுத்தவனுக்குக் குடுப்பானா?”

அம்மாவைப் பறிகொடுத்த பெண் கிராக்கி! அந்த நம்பரையாவது கொடுங்கள், நானே பேசுகிறேன் என்று கையை நீட்டினேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “உனக்கு இந்த ஏவாரம் புரியாது மாப்ள” என்று வெளியே போய்விட்டார். நான் டிரைவரோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். எப்படியும் அந்த வீட்டு நம்பர் டிரைவருக்கு வந்துதானே ஆகவேண்டும்.

வேப்பந்தட்டைப் பக்கத்து வீட்டில் போய் நின்றால், அங்கே பாடைகூடக் கட்டி முடியவில்லை. யாரோ பெற்ற யாரோ ஒரு மனிதரை எப்போது தூக்குவார்கள் என்று வேப்பமரத்து நிழலில் காத்துக்கொண்டு நின்றோம். மச்சான் டிரைவருக்குப் போன் மேல் போன் போட்டார். “கொஞ்சம் சுருக்கா எடுக்கச் சொல்லுடா, அவசரம்னு சொல்லு.” டிரைவர் போய் அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் காதில் சொன்னார். அந்தப் பெரியவர் திரும்பி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நேரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

உச்சி வெயில் தாண்டிப் பெட்டியை ஏற்றினோம். கழுவித் துடைத்து, பெரம்பலூர் வந்தபோதுதான் மச்சான் அந்த வீட்டுத் தம்பியின் நம்பரை டிரைவருக்கு அனுப்பினார். உடனே அடித்தேன்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?” என்றான் அந்தத் தம்பி. “எங்க பசங்க ஒங்க கிளையத் தேடிக்கிட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாங்க. மேப்பு ஒரு முந்திரிக்காட்டுக்குள்ள கொண்டுபோயி விட்டுருச்சாம். ஒரு ஷெட்டுகூட இல்லைங்கறாங்க.”

“கிளை எல்லாம் இல்ல தம்பி. நாங்க பெரம்பலூர்லேருந்து இப்பத்தான் வர்றோம். நேரமாகும். ஜெயங்கொண்டத்துல ஒருத்தர் இருக்காரு, மொதல்ல அவருகிட்டக் கேளுங்க.”

பின்னால் பறைச் சத்தம் கேட்டது. “அவரு காலையிலயே கேட்டாருண்ணே, கொண்டாரவான்னு. அக்கா புக் பண்ணிருச்சு, வேணாம்னு சொல்லிட்டேன். நான் எடுத்தா அக்கா மனசு சங்கடப்படும்ல” என்றான். மறுபடி அடித்தபோது, ஜெயங்கொண்டத்துப் பெட்டி வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்றான்.

அரியலூரைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சிமெண்டு லாரிகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் வரிசை கட்டி நின்றன. வழி விடாத ஒவ்வொரு லாரியையும் டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். என் போனில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. உடையார்பாளையத்தில் எங்கள் கிளையைக் கடந்து போனோம். பூட்டிக் கிடந்த ஓர் உரக்கடை. அதற்கு நாலே முக்கால் நட்சத்திரம்.

நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. பந்தல் இருந்தது, நாற்காலிகள் இருந்தன, வாசலில் பூ சிதறிக் கிடந்தது. இரண்டு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கழுவின தண்ணீர் வாசல்வரை ஓடி வந்து வண்டிச் சக்கரத்தை நனைத்தது. எடுத்துவிட்டார்கள்.

இறந்த அம்மாவின் கணவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவே இல்லை. “பொறுத்துப் பொறுத்துப் பாத்தோம் தம்பி. வெயிலு தாங்கல, மூஞ்சி மாறிப்போச்சு. அதுக்கு மேல வெச்சிருந்தா அவளுக்குத்தான் கேவலம்” என்றார். நாங்கள் ஏதோ உதவிக்கு வந்தவர்கள் போல, டிரைவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மகன் சுடுகாட்டிலிருந்து ஈரவேட்டியோடு அப்போதுதான் வந்திருந்தான். கையில் போன். அக்கா விமான நிலையத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், அவன் எடுக்காமல் இருந்திருக்கிறான். எங்கள் வண்டியைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, எடுத்தான். எடுத்து, பெட்டி இருந்த பக்கம் போனைத் திருப்பினான்.

“வந்துருச்சா? அப்பாடா” என்றார் அந்த அக்கா. அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் என்ன செய்தும் மறக்க முடியவில்லை. “எப்ப வந்துச்சு? கரண்டு கனெக்ஷன் குடுத்தாச்சா? கேட்டைத் தொறந்து வெச்சிருங்க, நான் காலையில நேரா வந்துருவேன். அம்மாவ ஒரு தடவ காட்டுடா.”

அவன் போனை என் பக்கம் நீட்டினான். என் முகத்தைப் பார்த்து அந்த அக்கா, “அண்ணே, கொஞ்சம் அம்மாவக் காட்டுங்களேன்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவில் புரிந்துகொண்டார். ஏர்போர்ட்டில் யாரோ அறிவிப்பு செய்வதும் அவர் கத்துவதும் சேர்ந்து கேட்டன. பிறகு போன் கட்டானது.

திரும்பும்போது ஜெயங்கொண்டத்துக்கு முன்பே வண்டியை நிறுத்தச் சொல்லி முந்திரி மரத்தடியில் வாந்தி எடுத்தேன். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம், காலையிலிருந்து சாப்பிடவில்லை. மச்சான் போன் செய்து, அவர்கள் ஏதாவது தகராறு செய்தார்களா என்று கேட்டார். செய்யவில்லை என்றதும், “நல்ல மனுசங்க” என்றார்.

ஒரு வாரத்தில் ‘ஆண்டிமடம் கிளை’க்கு ஒரு நட்சத்திரத்தோடு ஒரு விமரிசனம் வந்தது. அந்த அக்கா எழுதியது. ஒரு வசைச் சொல் இல்லை. தன் ஊரின் பெயர், எத்தனை மணிக்கு ஐஸ் பெட்டி வேண்டும் என்று கேட்டார், என்ன சொன்னார்கள், தம்பி வேறு ஐஸ் பெட்டியை வேண்டாம் என்றது, அம்மாவின் முகத்தைப் பார்க்காதது என்று நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். ‘இந்த ஊரில் இவர்களுக்குக் கிளை இல்லை, தயவுசெய்து யாரும் நம்பாதீர்கள்’ என்று முடித்திருந்தார்.

அன்றைக்கே ஊர் ஊராகப் போட்டிருந்த பக்கங்களை எல்லாம் அழித்தேன். தளத்தின் பாஸ்வேர்டு என்னிடமும் இருந்தது. மச்சான் திருச்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து குதித்தார். திருச்சிக்காரர் குதிக்கவில்லை, அவருக்குக் கோபமே இல்லை. அந்த விமரிசனத்தைப் பற்றித்தான் ஆர்வமாகப் பேசினார்.

“அத ஏன் சார் நெகட்டிவ்வா பாக்குறீங்க? நீளமா இருக்கு, ஊர்ப் பேரு இருக்கு, ஐஸ் பெட்டிங்கற வார்த்தை அத்தன எடத்துல வருது. நம்ம காசு குடுத்து எழுதவெச்சாக்கூட இவ்வளவு இயல்பா வராது. அது வந்தப்புறந்தான் அந்தப் பின்னு மேல ஏறுது, பாருங்க” என்று போனைத் திருப்பி எனக்குக் காட்டினார்.

அவர் கையைத் தட்டிவிட்டேன். போன் விழுந்து உடைந்தது. இரண்டு பேரையும் மாடிப்படியில் இறங்கச் சொன்னேன். அதற்குப் பிறகு மச்சான் வீட்டு விசேஷங்களுக்கு என் மனைவி மட்டும்தான் போகிறாள். அழித்த பக்கங்கள் பத்தே நாளில் வேறொரு தளத்தில் முளைத்துவிட்டன. மேப்பில் அந்தக் கிளை பொய் என்று நானும் பலமுறை புகார் கொடுத்துப் பார்த்தேன். அங்கே வழி கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள் என்பதாலோ என்னவோ, எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

நேற்று ‘ஆண்டிமடம் ஐஸ் பெட்டி’ என்று போட்டுப் பார்த்தேன். முதலில் வருவது அந்த முந்திரிக்காடுதான். அந்த அக்கா எழுதியதற்குக் கீழே புதிதாக ஒரு பதில் இருந்தது: ‘தங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி! தங்கள் இல்லத்தில் மீண்டும் சேவை செய்யும் வாய்ப்பை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்.’

அந்த இல்லத்தில் இப்போது அவருடைய அப்பாவும் தம்பியும் இருக்கிறார்கள்.